ஒன்றரைச் சாண் பெட்டி

என் சகலை எனக்குத் தர வேண்டிய பாக்கி ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு. கம்ப்யூட்டர் கடை வைக்க அட்வான்ஸுக்கு என்று வாங்கியது. வாங்கிய மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எதிர்ச்சாரியில் பெரிய ஷோரூம் ஒன்று வந்தது, இவர் வியாபாரம் படுத்துவிட்டது. நான் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததுதான் வினையாகப் போயிற்று. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு ராசியாகியிருப்போம். மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அவர் வராததால் அவர் மனைவியும் வரவில்லை. அவள் என் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்துகொண்டு அக்காளும் தங்கையும் போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்த பிறகும் என் மனைவி கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

மிச்சத்தைத் தள்ளிவிடுகிறேன் என்று ஒரு தரம் சொல்லியனுப்பினேன். "பிச்சை போடுறாராமா?" என்று பதில் வந்தது. முழுசாக அடைத்த பிறகுதான் அந்த வாசற்படி மிதிப்பேன் என்றும் கூடவே வந்தது.

ஆகவே ஒரு லீவு நாளில் நானே கடைக்குப் போனேன். ரிப்பேருக்கு வந்த மெஷின் ஒன்றில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்கிறது, வைப்பர் ஆடுகிறது, ரோடு போய்க்கொண்டே இருக்கிறது. குடோனில் இத்தனை வருஷமாக லாரிக்கு மூட்டை ஏற்றுகிறேன். பின்பக்கம்தான் எனக்குத் தெரியும், முன்பக்கம் ஏறி உட்கார்ந்ததில்லை.

"எனக்கு இது மாதிரி ஒண்ணு வேணும் சகல. காசா வேண்டாம். பொருளா குடுத்துக் கழிச்சுக்குங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கா? கேம் ஆடவா?"

"ஏன், நான் ஆடக் கூடாதா?"

"ஆடலாம்ணே. முதுகு வலின்னு சொல்வீங்களே."

"ஏத்தித்தான் முதுகு போச்சு. ஓட்டினா போகாது."

வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். பொருளாகக் கொடுப்பது அவருக்கும் கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும். "சரிண்ணே. ஆனா நல்ல சாமானாத்தான் தருவேன். ஒப்பேத்த மாட்டேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பகல் பூரா லாரி, வீட்டுக்கு வந்தும் லாரியா? எங்க வைப்பீங்களாம் அதை? என் தலைமேலயா?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு இருப்பது ஒரு அறை. கட்டில், பீரோ, அடுப்பு, டிவி எல்லாம் அதற்குள்தான். அவள் டிவிக்குக் கீழ்த் தட்டில் துணிகளை ஒதுக்கிவிட்டுக் கையை விரித்து வைத்தாள். "ஒன்றரைச் சாண் தர்றேன். ஒரு விரக்கடை கூடினாலும் பெட்டி வெளிய, கூட நீங்களும் வெளிய."

மறுநாள் நான் ஒன்றரைச் சாண் என்றதும் சகலை கன்னத்தைச் சொறிந்தார். பெரிய பெட்டி என்றால் எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவிடலாமாம். சின்னப் பெட்டியில் ஒவ்வொரு சாமானும் மற்றதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டுமாம். அதன் அர்த்தம் எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

முதலில் ஒரு சாணுக்கும் குறைவான மதர்போர்டு ஒன்றை எடுத்து வைத்தார். அதற்கு ஏற்ற பிராசஸர் அவரிடமே இருந்தது. ராம் என்கிற மெமரி அட்டையை எடுக்கும்போது நான் முந்திரிக்கொட்டை மாதிரி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். எல்லா அட்டையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவர் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அடியில் இருக்கும் வெட்டு ஒன்றில் மயிரிழை தள்ளி இருந்தது. "இது புதுசு, போர்டு பழசு. அழுத்தினா உள்ள போகாது, உடைஞ்சுதான் போகும்."

பிராசஸர் சூட்டைத் தணிக்கிற கூலர் நெட்டையாக இருந்தது, வைத்தால் பக்கக் கதவு மூடவில்லை. தட்டையாக ஒன்றைத் தேடி எடுத்தார். பவர் சப்ளையும் சின்ன வகையாக வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பெருசை விட சின்னது விலை கூடவா?"

"அதே சக்தியைச் சின்ன டப்பாவுக்குள்ள அடக்கணும்லண்ணே."

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். விலை கூடினால் கடன் குறையுமே. அதனால் எங்கள் பேரம் உலகத்தில் இல்லாத பேரமாக நடந்தது. அவர் ஒரு விலை சொல்வார், நான் ஏற்றுவேன்.

"போர்டு எட்டாயிரம்."

"ஒன்பது போட்டுக்குங்க. நல்லா மின்னுதே."

"மின்னுறதுக்கெல்லாம் காசு கிடையாது. எட்டுதான்."

சாமான் வாங்க வந்த ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி விலையைக் குறைக்கச் சொல்லுங்க" என்று சகலையைக் காட்டி என்னிடம் சொன்னார்.

கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி என்று ஆனபோது கடனில் பதினேழாயிரத்து நூறு நின்றது. சகலை கடையின் உள்பக்கம் போய் மூன்று ஃபேன் வைத்த பெரிய கார்டைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டு வந்தார். ஒரு தடவைதான் விற்றது, அவரே திரும்ப வாங்கியது. விலை பதினேழாயிரத்து நூறு.

"சரியா வந்துருச்சுண்ணே!" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. நான் மனசுக்குள் அப்போதே வீட்டுக்கதவைத் திறந்துவிட்டேன்.

கார்டு உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். முன்பக்கத் தகடு இடித்தது. ஒரு விரல் அகலம்தான்.

"ரம்பம் இருக்கா? தகடை அறுத்துடலாம்" என்றேன்.

"அறுத்தா போகும். ஆனா மூச்சு விட இடம் இருக்காது. சூடு அங்கயே சுத்தும், ஆறு மாசத்துல கார்டு செத்துரும்."

"சாகட்டும். கணக்கு முடியுதுல்ல?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "வீணாப் போற சாமானைக் குடுத்து அடைச்சா அது அடைச்சதாண்ணே?"

இரண்டு ஃபேன் வைத்த கட்டையான கார்டு ஒன்றை எடுத்தார். அது தன் இடத்தில் சொகுசாகப் போய் உட்கார்ந்தது. விலை பதிமூவாயிரத்து ஐந்நூறு. நான் பதினேழு என்றேன். விளையாடாதீர்கள் என்றார். மூவாயிரத்து அறுநூறு நின்றுபோனது.

"அடுத்த மாசம் குடுத்துடறேன்" என்றார், என்னைப் பார்க்காமல். போன வருஷமும் அடுத்த மாசம் என்றுதான் சொன்னார்.

கடை அடைத்த பிறகு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அவர் அதை மாட்டினார். ஒயரையெல்லாம் சடை பின்னுவதுபோலப் பின்னி ஓரமாகச் செருகினார். நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். கூட வாங்க என்று கூப்பிட்டதற்கு வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பெட்டி தட்டில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. என் மனைவி அதைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

பெரிய கார்டு இடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"யாரு மாட்டினா இதை?"

"சகலதான்."

"எத்தனை நாள்?"

"மூணு சாயங்காலம்."

"கூலி?"

கூலியில் பிறந்து கூலியில் வளர்ந்தவன். மேஸ்திரி கால் ரூபாய் பிடித்தாலும் மல்லுக்கு நிற்பவன். திருகாணிக்குக்கூட விலை போட்டேன், திருகிய கைக்குப் போடவில்லை.

"நல்லா இருக்கு உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அக்கா பேசறேன். மெஷினை மாட்டினதுக்குக் கூலி வாங்காம ஏன் அனுப்பினீங்க?"

"அண்ணி, அதெல்லாம்... நமக்குள்ள என்ன கூலி?"

"நமக்குள்ள கடன் மட்டும் இருக்கலாமா? ஒரு நாளைக்கு அறுநூறு. மூணு நாள். கடை அடைச்ச பிறகு செஞ்சது ஓவர்டைம். ஓவர்டைம்னா டபுள். எவ்வளவு ஆச்சு?"

அந்த அறுநூறை எங்கிருந்து பிடித்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுமுனையில் சகலை மெதுவாக, "மூவாயிரத்து அறுநூறு. நான் சாதாரணமா அவ்வளவு வாங்கறதில்ல அண்ணி" என்றார்.

"இந்த வீட்டுல கூலி பாக்கி வச்சு யாரும் சோறு தின்னதில்ல. குறைச்சு வாங்கிக்கிட்டு எங்களைக் கடன்காரங்களா ஆக்காதீங்க."

போனுக்குள் யாரோ விசும்பியதுபோலவும் சிரித்ததுபோலவும் கேட்டது. தங்கையும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

"அண்ணன் இருக்காரா?" என்றார் சகலை.

"இருக்கேன்."

"கணக்கு முடிஞ்சுதாண்ணே?"

"முடிஞ்சுது சகல."

"அப்ப நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். பெட்டியிலேருந்து டிவிக்கு ஒயர் குடுக்கணும்."