பின்பக்கம் பூ இல்லாத காசு

எங்கள் ஊரில் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு அவரவர் முகம் பதித்த காசு இரண்டு அடிப்பார்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கும், மற்றது வீட்டுக்குப் போகும். காசுக்கும் ஆளுக்கும் வேறுபாடு இருந்தால் ஆளைத் திருத்துவார்கள். காசை உருக்குவது குற்றம்.

நான் நாணயச்சாலையில் பிழை பார்க்கிறேன். அச்சில் விரிசல் விட்டால் காசில் மெல்லிய மேடாக ஒரு கோடு விழும். எங்கள் தெருத் தையற்காரர் சவரிமுத்துவின் கன்னத்தில் அந்தக் கோடு இருக்கிறது. சவரம் செய்யும்போது அதைச் சுற்றிப் போவார். தகடு நகர்ந்துவிட்டால் முகம் ஓரமாக விழும். நூலகர் அம்மாவுக்கு அப்படித்தான் வலது காது கிடையாது. இடப்பக்கம் போய் நின்று கேட்டால் புத்தகம் எடுத்துத் தருவார்.

பிழையைக் கண்டவர் எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும். எனக்குச் சத்தம் வராது. மேற்பார்வையாளர் தாசரதி சார் ஒவ்வொரு முறையும், "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லும்மா" என்பார். சொன்ன பிழை காசுக்கு உரியவருக்குப் போகும். சொல்லாமல் விட்ட பிழை, விட்டவருக்கே வரும். பக்கத்து நாற்காலிப் பெண் எதுவும் பதியாத வெற்றுக் காசு ஒன்றைத் தவறவிட்டாள். இப்போது அவள் முகம் வழவழவென்று இருக்கிறது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைப்பாள். மணி அடித்ததும் மூடிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை என் தங்கை சுடர்க்கொடியின் காசுகள் வந்தன. காலையில் நான் கிளம்பும்போது தெருமுனை வரை கேட்கும்படி கத்தியிருந்தாள். "அக்கா, என் மூக்கு எப்படி விழுந்திருக்குன்னு பாரு! சப்பையா இருந்தா நீயே வெச்சுக்கோ!"

மூக்கு நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் முதல் காசு அச்சை விட்டு வெளியே வராமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே இரண்டாவதை அடித்துவிட்டார்கள். இரண்டாவது காசின் முன்பக்கம் சுடர். பின்பக்கம், பூ இருக்க வேண்டிய இடத்தில், மறுபடியும் சுடர், இடம் வலம் மாறி, உள்ளே குழிந்து.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஆழமான குழி. பின்தலையில் அவ்வளவு தோண்டினால் சுடர் மனப்பாடம் செய்திருப்பதெல்லாம் எங்கே போகும்? நான் எழுந்திருக்கவில்லை. காசைச் சரியானவற்றின் தட்டில் வைத்தேன்.

தாசரதி சார் அதையேதான் எடுத்தார். திருப்பினார்.

"பூ எங்கேம்மா?"

காசை மறுபடி முகப் பக்கம் திருப்பி, என் முகத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுப் பொண்ணா?"

தலையாட்டினேன்.

"சரி, வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்று என் பெயரை எழுதினார். "முதல்ல சாப்பிட்டுடு. அப்புறம் கொஞ்ச நேரம் கழுத்து திரும்பாது."

திருத்தும் அறையில் கண்ணை மூடச் சொன்னார்கள். ஒரே அடி.

வீட்டில் சுடர் என் பின்னலை அவிழ்த்து, தலைக்குப் பின்னால் இருந்த தன் முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "சப்பை இல்லக்கா" என்றாள். பிறகு அளவு பார்க்கத் தன் முகத்தை அதில் வைத்தாள். பொருந்தியது.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சுடர் முகத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒரு தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் என் மேசைக்கு வந்த முதல் காசிலேயே விரிசல் கோடு இருந்தது. எழுந்து நின்று சொன்னேன். தெருமுனை வரை கேட்டது.