லாவண்டரோடு ஏறிய பால்கனி

லாவண்டருக்கு வேலூர் வெக்கை ஆகாது என்பதால், சித்திரை பிறந்ததும் எங்கள் பால்கனி மேலே ஏற ஆரம்பித்தது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. பால்கனி நாளுக்கு ஒரு முழம் ஏறியது. குளிர்ச்சி கேட்கிற செடி, குளிர்ந்த காற்று கிடைக்கிற உயரத்துக்குப் போகத்தானே செய்யும்? அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் அதோடு சேர்ந்து ஏறியதுதான் வருத்தம்.

"ஏங்க, இறங்கிடுங்க" என்றேன், பால்கனி நிலைப்படியைத் தாண்டி ஏறும்போதே.

"மூணு தொட்டியும் மொட்டு விட்டிருக்கு, தேவகி. இப்பப் போய் எப்படி விட்டுட்டு வர்றது?" என்றவர், தொட்டி மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்தார். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட நெற்றியை அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை அந்த மனுஷன்.

கயிற்றில் கூடையை இறக்குவார். நான் டிபன் கேரியரை வைத்து அனுப்புவேன். மூன்றாம் மாடிக்குப் போனதும் ஜெஸிந்தா டீச்சர் சமையலறை ஜன்னல் வழியாக அவருக்குக் காபி கொடுத்தார். வாசலுக்கு வந்தவரைச் சும்மா அனுப்பாதவர்கள் ஜன்னலுக்கு வந்தவரை மட்டும் அனுப்புவார்களா? நாலாம் மாடியில் நஸீமா அக்கா வீடு.

"தேவகி, அக்கா வீட்டு தால்சா என்னமா இருக்கு தெரியுமா!" என்று மேலிருந்து கத்தினார். கேரியர் திறக்காமலே திரும்பி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் கோபத்தைவிட பயம்தான் அதிகம். எங்கள் கட்டடத்தில் ஐந்து மாடிதான். அதற்கு மேல் ஜன்னல் கிடையாது. கயிறும் அதற்கு மேல் எட்டாது. ரசம் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காது அவருக்கு. அங்கே யார் தருவார்கள்?

இறக்க ஒரு வழி எனக்குத் தெரியும். அரிசி கழுவின தண்ணீர். எந்தச் செடியைப் பார்த்தாலும் அதை ஊற்றிப் பழகிய கை இது. கறிவேப்பிலை அதில் தழைக்கும், லாவண்டர் வேர் அழுகும். போன வருஷம் இரண்டு செடியை அப்படித்தான் கொன்றேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நஸீமா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, ஒரு குண்டான் ஊத்துங்க. பாவம் என்னோட போகட்டும்."

ஊற்றினார். பால்கனி மதியத்துக்குள் எங்கள் ஹாலுக்கு நேராக இறங்கி நின்றது.

இரண்டு தொட்டியில் செடி கறுத்துத் தொங்கியது. மூன்றாவதை அவர் மார்போடு அணைத்துக் காப்பாற்றியிருந்தார். சட்டையெல்லாம் அரிசி கழுவின தண்ணீர். உள்ளே வரவில்லை, திட்டவும் இல்லை. கறுத்த செடியின் மண்ணில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அதை இப்படிக் கொடுங்க" என்று அந்த மூன்றாவது தொட்டியை வாங்கினேன். மண்ணில் இரண்டு கை ஆற்று மணல் கலந்து, வெயில் விழுகிற சமையலறை ஜன்னலில் வைத்தேன். "ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். சத்தியமா."

அவர் பின்னாலேயே வந்து தொட்டியை வெயில் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார். "ரசம் இருக்கா?" என்று கேட்டார்.

புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே சமையலறை மேலே கிளம்பியது. ஹாலில் ஃபேனை அணைக்க மறந்துவிட்டேன்.

மூன்றாம் மாடியில் ஜெஸிந்தா டீச்சருக்குக் காபி கொடுத்தேன். நாலாம் மாடியில் நஸீமா அக்காவுக்கு ஒரு தூக்கு நிறைய வத்தக்குழம்பு. மொட்டை மாடியைத் தாண்டிய அன்று செடி பூத்தது. அவர் என்னைக் கூப்பிட்டு முதல் பூவை மோந்து பார்க்கச் சொன்னார்.

அப்போதுதான் சிலிண்டர்காரர் போன் செய்தார். "எந்த மாடிம்மா?"

"மொட்டை மாடிக்கு மேல நாலு முழம்."

"லிஃப்ட் இருக்கா?" என்றார்.