ஏழாவது சேனலின் கண்சிமிட்டல்

மூன்றாவது கார்டும் அதே இடத்தில் முரண்டு பிடித்தது.

பேனல் அறையின் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கார்டில் எரிந்த சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள் டெக்னீஷியன். ஆலையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கேள்வி’. தண்ணீர் கொடுத்தால்கூட எந்தக் குழாயில் பிடித்தது என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள் என்பார்கள்.

கார்டு என்று அவர்கள் சொல்வது, உள்ளங்கை அகலமுள்ள அவுட்புட் மாட்யூல். பாய்லரில் ஏதாவது விபரீதம் என்றால் எரிவாயுவை நிறுத்துவது அதன் வேலை. நிறுத்தும் விதம்தான் கேள்விக்கு ரொம்பப் பிடித்தது. ‘மூடு’ என்று அது கட்டளை எதுவும் அனுப்புவதில்லை. நாள் முழுக்க மின்சாரம் கொடுத்து வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும். ஆபத்து வந்தால் பிடியை விட்டுவிடும், அவ்வளவுதான். வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கம்பி அறுந்தாலும் சரி, ஆலைக்கே மின்சாரம் போனாலும் சரி, வாயு நின்றுவிடும்.

ஆனால் மாதக்கணக்கில் பிடித்தே பழகிய கை, விடவேண்டிய நேரத்தில் விடுமா? அந்தச் சந்தேகம் கார்டுக்கே உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியில் வோல்ட் விழுகிறதா என்று பார்த்துவிட்டு உடனே திரும்பக் கொடுத்துவிடும். வால்வு அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஏழாவது சேனலில் மட்டும் வோல்ட் விழவில்லை. ‘என்னால் நிறுத்த முடியவில்லை’ என்பதுதான் அந்தச் சிவப்புப் புள்ளிக்கு அர்த்தம்.

இன்ஜினியர் வாசலில் வந்து நின்றார். “இன்னுமா? பேசாம அந்த ஏழுக்கு மட்டும் சோதனையை ஆஃப் பண்ணிடலாம். அடுத்த வாரம் வேற கார்டு வருது. நாலு மணிக்கு நீ சோதனைத் தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் நாளைக்குக் காலையில பாய்லரைப் பத்த வைக்க முடியும்.”

“மூணு கார்டும் அதே ஏழுல கெட்டுப்போகுமா சார்?”

“போகக்கூடாதுன்னு சட்டமா?”

“மூணு மருமக வந்தும் அதே சண்டைன்னா, மாமியாரைத்தானே விசாரிக்கணும்?”

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இதை எங்க வீட்டுல வந்து சொல்லிடாதே. மணி ரெண்டு. நாலு வரைக்கும் மாமியாரைத் தேடு.”

கையெழுத்துப் போட அரை நிமிடம் ஆகாது. ஆனால் நாளைக் காலையில் அந்த பர்னர் பக்கத்தில் நிற்கப்போகிற ஆபரேட்டர் அவளுடைய அண்ணன். சுடர் அணைந்து, வாயு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஒரு பொறி போதும்.

ஏழாவது சேனலின் கம்பியைக் கழற்றி, காலியாக இருந்த எட்டாவதில் மாட்டினாள். காத்திருந்தாள். ஐந்தாவது நிமிடம் ஏழு பச்சையானது, எட்டு சிவந்தது. அப்படியானால் கோளாறு கார்டில் இல்லை, கம்பியோடு நடந்து வருகிறது.

வரைபடத்தில் அந்தக் கம்பி இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வால்வுக்கு. இன்னொன்று கட்டுப்பாட்டு அறை மேசைக்கு, ‘வால்வு திறந்திருக்கிறது’ என்று காட்டும் சின்ன விளக்குக்கு. வால்வுப் பக்கம் மீட்டர் வைத்துப் பார்த்தாள், சுத்தம். கம்பியைப் பழையபடி ஏழிலேயே மாட்டிவிட்டு மேசைப் பக்கம் போனாள்.

அண்ணன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இந்த விளக்கை யாராவது தொட்டாங்களா?”

“ஏன், நல்லா எரியுதே?”

“அதான் கேக்கறேன்.”

“வந்துட்டா பாரு போலீஸு. பழைய பல்பு போச்சு பாப்பா, எல்இடி மாட்டினாங்க. அன்னிலேர்ந்து அப்பப்ப கண்ணடிச்சுது. எட்டு மணி நேரம் உன்னையே பாத்து ஒருத்தன் கண்ணடிச்சா சும்மா இருப்பியா? நம்ம எலக்ட்ரீஷியன்கிட்ட சொன்னேன். பின்னாடி ஒரு கண்டென்சர் வெச்சு விட்டான். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி அடங்கிடுச்சு.”

கேள்வி மேசைக்கு அடியில் தலையை விட்டாள். விளக்கின் முதுகில், கட்டைவிரலைவிடப் பருமனாக ஒரு நீல உருளை. பழைய பல்பின் இழை சூடாகவே இருக்கும். கார்டின் சோதனை அதற்கு உறைக்காது. எல்இடியோ அந்தக் கணத்தையும் காட்டிக்கொடுத்தது. அண்ணன் வைத்தியம் பார்த்தது நோய்க்கல்ல, நாடித்துடிப்புக்கு.

“எழுந்து வா, ஒண்ணு காட்டறேன்” என்றாள்.

குழாயில் இன்னும் வாயு விடவில்லை. வால்வு பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அண்ணன் கையில் ஸ்டாப் வாட்ச். பேனல் அறையிலிருந்து இன்ஜினியர் வாக்கி-டாக்கியில் சொன்னார்: “விட்டாச்சு.”

ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்தான். அப்புறம்தான் ‘தடால்’ என்று வால்வு மூடியது.

“ரெண்டரை விநாடி” என்றான்.

“எவ்வளவு இருக்கணும்?”

அது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். “ஒண்ணுக்குள்ள.” “மிச்சம் ஒண்ணரை எங்கேருந்து வந்துச்சு?”

“உன் கண்டென்சர் ஒரு சின்னத் தண்ணித் தொட்டி மாதிரிண்ணே. கார்டு குழாயை மூடினாலும், தொட்டியில இருக்கறது தீர்ற வரைக்கும் வால்வைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். வோல்ட் விழலைன்னு கார்டு கத்திக்கிட்டே இருந்துச்சு. நாமதான் கார்டை மாத்திக்கிட்டே இருந்தோம்.”

அவன் கட்டரை எடுத்துக்கொண்டான். மேசைக்குத் திரும்பி, அவள் மின்சாரத்தை நிறுத்திச் சரிபார்க்கும்வரை காத்திருந்து, நீல உருளையைத் தன் கையாலேயே வெட்டி எடுத்தான். மறுபடி சோதித்தார்கள். இன்ஜினியர் “விட்டா” என்பதற்குள் வால்வு மூடிவிட்டது. ஸ்டாப் வாட்சை அமுக்கவே அண்ணனுக்கு நேரம் போதவில்லை. மூன்றாவது முறைதான் சரியாகப் பிடித்தான்.

மூன்றே முக்காலுக்கு ஏழாவது சேனல் பச்சையாக இருந்தது. இன்ஜினியர் காகிதத்தை நீட்டினார். கேள்வி பேனாவைத் திறந்தாள், எழுதவில்லை.

“இப்ப என்ன?” என்றார் அவர்.

“அது கண்ணடிக்கறதை ஒரு தடவை பாத்துடறேன் சார்.”

அண்ணனும் குனிந்தான். இரண்டு பேரும் மூக்கு இடிக்கிற தூரத்தில் விளக்கையே பார்த்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. அண்ணனின் கண்ணில் நீர் கோத்தது.

கேள்வி நிமிர்ந்து கையெழுத்துப் போட்டாள்.

“வந்துச்சா?” என்றான் அண்ணன்.

“வந்துச்சு.”

“நான் பாக்கலையே.”

“நீ கண்ணை மூடின நேரம் பாத்து வந்துட்டுப் போயிடுச்சு.”

“இரு இரு, அடுத்தது எனக்கு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான் அவன்.