புது ஊசி

தம்பியின் மலையாளிக் கூட்டாளி ஷிபினின் சட்டைக் காலரை மாடத்தி பிடித்துக்கொண்டாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் கரமனைச் சந்தின் முனைக் குழாயில் வரிசையாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாளிக்குக் கை நீட்டியபோதுதான் அவளிடம் அகப்பட்டான்.

"குளிச்சேன்னா நேரா வீட்டுக்குப் போயிருவ. இப்பமே ஆஸ்பத்திரிக்கு வா. பன்னெண்டு மணிவரதான் ரத்தம் எடுப்பாங்க."

"நாளைக்குப் போவாம் அக்கா. சத்தியம்."

நாளைக்கு என்று கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி பேச்சிமுத்துவும் நாளைக்கு நாளைக்கு என்றே முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தான். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, நேற்று ரத்தமாக வாந்தியெடுத்து அடங்கிவிட்டான். தெருவுக்கு அது மஞ்சள்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தார்கள். இன்று காலையில் பாயைக்கூட எரித்துவிட்டார்கள். தட்டில் ஒட்டுகிற நோயா அது? டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் வருகிற கிருமி. போதை ஊசி போட்ட காலத்தில் ஏறியது, இத்தனை வருஷம் சத்தம் காட்டாமல் ஈரலை அரித்திருக்கிறது. முன்னமே ஒரு சோதனை செய்திருந்தால் மூன்று மாதம் மாத்திரை, அவ்வளவுதான்.

"ஏ மாடத்தி," என்றார் தாய்மாமா வன்னியராஜ், ஈரத் துண்டோடு. "சாவு வீட்டு வாசல்ல என்ன கூத்து? காமாலன்னு சொல்லியாச்சு, அப்படியே இருக்கட்டும். செத்தவன் மானத்தயாவது விட்டு வையி."

"அந்த மானம் இவனக் காப்பாத்துமா மாமா?"

மாமா துண்டைப் பிழிவதில் மும்முரமானார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா," என்றான் ஷிபின் தணிந்த குரலில். "அதெல்லாம் விட்டு எட்டு வருஷமாச்சு. பின்னே, நாங்க நாலு பேரும் சூசி மாத்தித்தான் போட்டோம். அதுல மட்டும் பேச்சி கறார். ஆளுக்கொரு புது ஊசி."

மாடத்தி கையும் களவுமாகப் பிடித்த அன்று தம்பியும் இதையேதான் சொன்னான். புது ஊசிதாங்க்கா, பயப்படாத. பரவாயில்லை, பயலுக்கு இந்த மட்டுக்காவது புத்தி இருக்கிறது என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"மருந்த எதுல கலக்குனீங்க?"

"ஒரு மூடியில."

"நாலு பேருக்கும் ஒரே மூடியா? ஒரே தண்ணியா?"

"ம்."

"ஒருக்கா குத்திட்டு, ரெண்டாம் தடவைக்கு ரத்தம் பட்ட அதே ஊசியத்தான அந்த மூடியில விட்டு உறிஞ்சினீங்க?"

ஷிபினின் முகம் மெல்ல மாறியது. அவர்கள் கூடி ஊசி போட்ட தம்பானூர் லாட்ஜ் மொட்டைமாடி அவன் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும்.

"அது ஆரும் சொன்னதில்ல அக்கா."

"எனக்கும் அப்ப ஆரும் சொல்லல. டாக்டரு இப்பத்தான் சொன்னாரு. ஏறு ஆட்டோல."

தீட்டும் கழியாமல், அவிழ்ந்த தலையோடு, அவள் முதலில் ஏறினாள். வாசலில் இருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். வைக்கட்டும்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கூட வந்த பைஸ்டாண்டரின் பெயர் கேட்டார்கள். சுடலைமாடத்தி என்றாள். அந்தப் பெண் மூன்று தடவை கேட்டும் தப்பாகத்தான் எழுதினாள். திருத்தச் சொல்ல மாடத்திக்குப் பொறுமை இல்லை. மணி பதினொன்றே முக்கால்.

நர்ஸ் உறையைக் கிழித்துப் புது ஊசி எடுத்தாள். ரப்பரை இறுக்கி ஷிபினின் வலது கையில் நரம்பைத் தேடினாள். இடது கையில் இரண்டு தடவை குத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை. பழைய குத்துகளில் நரம்பெல்லாம் தடித்து இறுகிக் கிடந்தது. வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"ரத்தம் கிட்டுந்நில்ல. நாளெ வரூ, சேட்டா," என்று அவள் ரப்பரை அவிழ்த்தாள்.

மாடத்தி வாய் திறக்குமுன் ஷிபின் செருப்பைக் கழற்றினான். பேன்ட்டை மடித்து, வலது காலைத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் கணுக்காலுக்குக் கீழே ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

"இவிடெ கிட்டும், சிஸ்டர்."

நர்ஸ் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பஞ்சை நனைத்து, அந்த இடத்தில் காய்ந்திருந்த சுடுகாட்டு மண்ணைத் துடைக்கத் தொடங்கினாள்.