விழுந்த காய் அங்கேயே கிடக்கட்டும்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு தகப்பனும் மகளும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். வாரப் பத்திரிகையில் முகத்தை மறைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். கேட்டது பாதி, கட்டியது பாதி.

2
‘கறுப்பு ராணி சரிந்தபோது மழை—’

[வேண்டாம். சதுரங்கக் கதை என்றாலே ராணி சரிய வேண்டுமா? மழை வேறு.]

2, மறுபடியும்
அந்தத் தகப்பன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவி புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இருவரும் சதுரங்கம் ஆடினார்கள். ஒருநாள் வெட்டிய காயை அவர் எடுக்கப் போனபோது, அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“செத்ததுமே தூக்கிடணுமா? அங்கயே கிடக்கட்டும். மத்ததெல்லாம் சுத்திப் போகட்டும்.”

அப்படித்தான் புது ஆட்டம் பிறந்தது. வெட்டுப்பட்ட காய் அதே கட்டத்தில் கிடக்கும். யாரும் அதைத் தாண்டக்கூடாது. ஆட ஆடப் பலகை பிணக்காடாகும்.* குரூரமான ஆட்டம். அருமையான ஆட்டமும்கூட.

* முன்பே யாராவது இப்படி ஆடியிருப்பார்களோ என்று தேடத் தொடங்கினேன். பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

3
அவள் போய்விட்டாள். அவள் சிரிப்பு பதிவான ஒரே காணொளியை, சொந்தக்காரர்கள் பார்க்கட்டுமென்று இணையத்தில் போட்டார். அதில் அவள் பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். அதன் பிறகுதான், ஆட்டத்தை விற்கும் பெட்டியில் அவள் பெயர் வர வேண்டுமென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனி அதே காணொளியைக் காட்டி எதிர்த்தது: ஊரறிந்த ஆட்டத்துக்கு உரிமை ஏது? உரிமை கிடைக்காவிட்டால் அவர்களே விற்பார்கள், அவள் பெயர் இல்லாமல்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். “வீடியோ எடுத்த அன்னிக்கு மருந்து மயக்கத்துல உளறினாங்கன்னு எழுதிக் குடுங்க. உளறலைக் கேட்டு யாரும் ஆட்டம் கத்துக்க முடியாதுல்ல?”

அந்தக் காகிதம்தான் காத்திருப்பு அறையில் அவர் மடியில் இருந்தது.

“அன்னிக்கு அம்மா என்னைத் தோக்கடிச்சாங்கப்பா.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா புத்தி கலங்கிடுச்சுன்னு சொல்லப் போறீங்க?”

“அவ பேரு வரணும்மா.”

[இங்கே மகள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

4
கையெழுத்துப் போட்டால் பெட்டியில் அவள் பெயர் வரும், அரசாங்கக் காகிதத்தில் அவள் பைத்தியம். போடாவிட்டால் அவள் தெளிவானவள்தான், ஆனால் யாரென்று எவருக்கும் தெரியாது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டையும் கிழித்துப் போட்டேன். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். அது உண்மையும்கூட.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காணொளியை நான் பார்த்துவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் விதியை ஒரே தடவைதான் சொல்கிறாள். பக்கத்துப் படுக்கைப் பெண் தலையாட்டிவிட்டு ஆடத் தொடங்குகிறாள்.