லொரேட்டாவின் பேப்பர்

ஐந்நூற்றுத் தொண்ணூற்றொரு நாள் முடிந்துவிட்டது. மீதி ஒன்பது.

அறுநூறு நாள் இந்தச் சிறிய ஊரிலேயே தங்கி, சொந்தக் கடையை நடத்தி, இந்த நாட்டுக்காரர் ஒருவருக்காவது முழுநேர வேலை கொடுத்தால் மாகாணம் ஷாபூரின் பெயரைப் பரிந்துரைக்கும். பிறகு கனடாவிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் அவனும் மனைவி தாரானேயும் ஈரானுக்கு, தப்ரீஸுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவர்கள் விற்றுவிட்டு வந்த வீட்டில் இப்போது ஒரு பல் மருத்துவர் இருக்கிறார்.

கடை, சலவைக்கடை. வேலைக்கு இருப்பவர் லொரேட்டா. அறுபது வயது. எந்த மோட்டல் விரிப்பு என்று மோந்தே சொல்லிவிடுவார்.

மாகாணத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் ஒரே ஒரு தாள்தான் பாக்கி: லொரேட்டாவின் பிறப்புச் சான்றிதழ். வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டிருந்தான். "வீட்ல எங்கயோ கெடக்கு" என்றார். ஷாபூர் நெஞ்சில் கை வைத்து, "அவசரமே இல்ல கானும், உங்க வார்த்தையே போதும்" என்றான். கானும் என்றால் அவன் ஊரில் அம்மணி. தப்ரீஸில் வயதில் மூத்த பெண்ணிடம் அத்தாட்சி கேட்பது அவரைத் திருடி என்பதற்குச் சமம். அதன் பிறகு நான்கு முறை கேட்டான். ஒருமுறை நிலவறையில் தண்ணீர் புகுந்திருந்தது. ஒருமுறை அது அக்காவிடம் இருந்தது. மற்ற இரண்டு முறை லொரேட்டா பேச்சை மாற்றினார்.

"இன்னிக்கு நீங்க கேக்கலன்னா நான் கேப்பேன்" என்றாள் தாரானே, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து. "நான் கேட்டா நல்லா இருக்காது."

"கேக்கறேன்."

"எப்படி? டீ குடிங்க கானும், கேக் எடுத்துக்குங்க கானும், நாங்க நாட்டை விட்டுப் போறோம் கானும்னா?"

அவன் தேநீரோடுதான் போனான். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கண்ணாடியில் உள்பக்கமாகவே பனி கட்டியிருந்தது.

"டீயெல்லாம் வருது" என்றார் லொரேட்டா. "யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"அப்ப விரிப்பைப் பிடி."

ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்தார்கள். நெருங்கினார்கள், மடித்தார்கள், விலகினார்கள். மூன்றாவது விரிப்பில் ஷாபூர் சொன்னான்.

"எங்க குடியேற்ற ஏஜென்ட் போன் பண்ணினாங்க. உங்க பேப்பர் இல்லாம அனுப்பவே முடியாதாம்."

"வேற ஆளை வெச்சுக்கோ. அந்தப் பேக்கரிப் பொண்ணு சும்மாதான் இருக்கு."

"ஆறு மாசம் வேலை செஞ்சிருக்கணும். ஒன்பது நாள்தான் இருக்கு."

லொரேட்டா முனைகளைப் பொருத்திப் பார்த்தார். பொருந்தித்தான் இருந்தன. மறுபடி பொருத்தினார்.

"நான் உங்க வீட்டுக்கு வந்து தேடறேன் கானும். நிலவறை, பெட்டி, எல்லாத்தையும். இல்லன்னா ஆஃபீஸ்ல நகல் கேக்கலாம். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது. தாரானே அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷா, நான் எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டுப் பாத்திருக்கியா?"

"உங்களுக்கு எந்தக் கட்சியையும் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்." அவர் சிரிக்கவில்லை. விரிப்பை மேசையில் வைத்து அதன் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டார். "நீ அன்னிக்கு வார்த்தையே போதும்னியா, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வேற யாரும் எனக்கு வேலை தர மாட்டாங்க. ஒவ்வொரு மாசமும் சொல்லிரலாம்னுதான் வருவேன்."

"என்னத்த?"

"எங்கம்மா அமெரிக்காவுல மொன்டானாலேர்ந்து என்னை டிரக்ல தூக்கிட்டு வந்தப்ப எனக்கு மூணு வாரம். எல்லையில யாரும் கேக்கல, அவளும் எங்கயும் எழுதி வெக்கல. பேப்பர் தொலையல, ஷா. நானும் இந்த நாட்டுக்காரி இல்ல."