நேற்று ஏன் ஓடவில்லை

அந்தச் சிவப்பு வண்டி இன்று ஓடியதைப் போல நாளை ஓடாது. இதை முத்திருளன் ராஜபாண்டியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். சொல்லி என்ன செய்ய, வைத்திருப்பவன் காதில் ஏற வேண்டுமே. கோயம்புத்தூரில் யாரோ ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் விற்ற வெளிநாட்டு வண்டி அது. இரண்டே கதவு, தரையோடு தரையாக உடம்பு, எஞ்சினுக்கு மேல் ஒரு சூப்பர்சார்ஜர். எஞ்சின் சுழலும்போது பெல்ட் போட்டு இதையும் சுழற்றும். இது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடப் போனால் பெட்ரோலும் கூட எரியும், வேகமும் கூடும். சூட்சுமம் அவ்வளவுதான்.

"தம்பி, இது பெட்ரோல்ல ஓடுதுன்னு நெனைக்காதீங்க, காத்துல ஓடுது" என்பான் முத்திருளன். "காத்து குளுந்திருந்தா அடர்த்தியா இருக்கும், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். வெயில்ல காத்து லேசாயிரும். அத அமுக்குனா இன்னும் சூடாகும். ரொம்பச் சூடானா எஞ்சின் கெட்டுறக் கூடாதேன்னு உள்ள இருக்கிற கம்ப்யூட்டரே இழுவையக் கொறைச்சிரும்."

"அப்ப கொடைக்கானல்ல குளிருச்சேண்ணே. அங்க ஏன் மக்கர் பண்ணுச்சு?"

"மலை மேல காத்தே கம்மி தம்பி. குளுந்து என்ன செய்ய?"

"என்னண்ணே, சக்கரை வியாதிக்காரனுக்குப் பத்தியம் சொல்ற மாதிரி சொல்றீங்க" என்று ராஜபாண்டி சிரிப்பான். இருபத்தெட்டு வயது. சிரித்தால் நல்ல பையன் மாதிரிதான் இருப்பான். அந்தச் சிரிப்பில்தான் முத்திருளன் ஏமாந்தான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். ஏமாறுகிறவனுக்குச் சிரிப்பே போதும்.

ராஜபாண்டியின் அப்பா காசிமாயன். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி இருக்கும் கார் ஷெட் அவருடையது. முத்திருளன் அங்கே மூன்று வருஷமாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தான். அவன் அப்பா அதே காசிமாயன் வீட்டு வயலில் ஆயுசு முழுக்க மடை திருப்பியவர். மகன் ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் பந்தய வண்டிகளுக்கு வேலை செய்யும் பட்டறையில் எட்டு வருஷம் திட்டு வாங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். லேப்டாப்பை வண்டியில் மாட்டி எஞ்சினோடு பேசத் தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தன்தான். அதனால்தான் காசிமாயன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மே தினத்தன்னைக்கு நம்ம வண்டி ஜெயிக்கட்டும். ஷெட்ட உன் பொறுப்புலயே விட்டுர்றேன். உன் பேருலயே நடத்திக்க."

பந்தயம் அசீமோடு. சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் சுலைமான் பாயின் மகன், ராஜபாண்டியோடு கல்லூரியில் படித்தவன். புதிதாக ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தான். "உன் வண்டி சத்தம் மட்டும்தான்டா போடும்" என்று அவன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கேலி பேச, ராஜபாண்டிக்கு இலையில் கை இறங்கவில்லை. விஷயம் அங்கே தொடங்கியது. கேலியை உறவுக்காரர்கள் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அதனால் அது காசிமாயனின் மானப் பிரச்சினையாகிவிட்டது.

திருமங்கலம் தாண்டிக் காசிமாயன் பிளாட் போட்ட இடம் விற்காமல் கிடந்தது. எண் எழுதிய கல்லும் கருவேலமுமாக இருந்த பொட்டலின் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு நேரான தார்ச்சாலை. வியாழக்கிழமை விடியற்காலையில் அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் பெய்த கோடைமழையில் தரை குளிர்ந்திருந்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலே முக்கால் செகண்டில் தொட்டது. அசீமின் வண்டிக்கு அஞ்சேகால் என்பது எல்லோருக்கும் தெரியும். ராஜபாண்டி இறங்கி வந்து முத்திருளன் தோளில் கை போட்டான். அந்த வீட்டு ஆள் ஒருத்தர் அவன் மேல் கை போட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கும் இதேதானண்ணே?"

"இதேதான் தம்பி."

நுணலும் தன் வாயால் கெடும். நூறு தடவை படித்துப் படித்துச் சொன்னவன், அந்த ஒரு தடவை 'காத்தப் பொறுத்து' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. தோளில் கிடந்த கையின் கனம் அப்படி.

பந்தயத்தைக் காலை ஆறு மணிக்கு வைக்கச் சொல்லி அசீமிடமும் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தான் முத்திருளன். காசிமாயன் காலண்டரைப் பார்த்தார். மே தினம் வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். "நல்ல நேரத்துல சாமி கும்பிட்டு ஆரம்பிப்போம். ஆறு மணிக்கு என்ன அவசரம், பால் கறக்கவா போறோம்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பத்து மணிக்குக் கற்பூரம் காட்டி, பானட்டுக்குச் சந்தனம் வைத்து, ஆள் உயர மாலை சாத்தி, வண்டியைக் கிளப்பிச் சக்கரத்தடியில் வைத்த நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கினார்கள். உடனே ஓட்டியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். உசிலம்பட்டியிலிருந்து காசிமாயனின் மச்சினன்மார் இரண்டு வேன் ஆட்களோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லாமல் எப்படி? வேன் வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. ராகு காலம் பிறந்துவிட்டது. இனிப் பன்னிரண்டுக்குத்தான் பந்தயம் என்றார் காசிமாயன். அது வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அது அந்த வீட்டு வழக்கம். அவர்கள் வாங்கிய முதல் டிராக்டரை நல்ல நேரத்தில் எடுத்து, டீ குடிக்க நிறுத்தி, ராகு காலத்தில் மறுபடி கிளப்பினார்களாம். அது அன்றைக்கே கால்வாயில் கவிழ்ந்து காசிமாயனின் தம்பி இறந்துபோனார். அதிலிருந்து நல்ல நேரத்தில் கிளப்பிய எஞ்சினைக் காரியம் முடியும் வரை அணைப்பதில்லை.

வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கோட்டில் நிறுத்திய வண்டிக்குள் ராஜபாண்டி ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நின்ற வண்டிக்குக் காற்றோட்டம் ஏது? எஞ்சின் சூடு, ஏசி சூடு, தார் சூடு எல்லாம் அந்த சூப்பர்சார்ஜர் மேலேயே ஏறின. பானட்டைத் திறந்து விடலாமென்றால் மேலே மாலை. முத்திருளன் லேப்டாப்பைப் பார்த்தான். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டே இருந்தது.

"அய்யா, ஒரு அரை மணி நேரம் அணைச்சு வைப்போம். வண்டி சூடாகுது."

"எஞ்சின்னா சூடாகாம குளுரவா செய்யும்?"

"இது வேற வண்டிங்கய்யா. சூடானா இழுவை போயிரும்."

காசிமாயன் அவனை நிதானமாகப் பார்த்தார். "ஏப்பா, எந்தம்பி செத்த கதை உனக்குத் தெரியும்ல? உங்கப்பன்தான தண்ணிக்குள்ள எறங்கித் தூக்குனான்."

அதற்கு மேல் முத்திருளனுக்கு வாய் வரவில்லை. வண்டிக்குள் கையை விட்டு ஒரு பட்டனை அமுக்கினால் தீர்ந்தது. அவன் படித்த படிப்பும் சென்னையில் வாங்கிய திட்டும் அந்த ஒரு பட்டனுக்கு உதவவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றான்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கொடி அசைந்தது. அசீமின் வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. சிவப்பு வண்டி ஊரையே எழுப்பும் சத்தத்தோடு நொண்டிக்கொண்டு பின்னால் போயிற்று. நூறு வேகம் தொட ஆறு செகண்ட். எலெக்ட்ரிக் கார் நாலு வண்டி நீளம் முன்னால் இருந்தது.

காசிமாயன் முகத்தைப் பார்க்க எல்லோரும் பயந்தார்கள். அப்போது ஒரு மச்சினன்தான் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். "போன வாரம் இந்த மெக்கானிக்கச் சிம்மக்கல்லுல பார்த்தேன் மாமா. சுலைமான் பாய் மகன்கூட நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தான்."

குடித்தது உண்மைதான். பந்தயத்தைக் காலையில் வைக்கச் சொல்லி அசீமிடம் கெஞ்சப் போனபோது அவன் வாங்கிக் கொடுத்த டீ. பனைமரத்தடியில் பாலைக் குடித்தவன் கதைதான். அசீம் நல்ல மனசோடு ஓடி வந்தான். "மாமா, அண்ணன் மேல தப்பில்ல. வெயில்ல ரெண்டு மணி நேரம் ஓடவிட்டா அந்த மாதிரி வண்டி இளைக்கத்தான் செய்யும். என் வண்டிக்குக் காத்து தேவையில்ல, அம்புட்டுத்தான்."

"ஜெயிச்சவன் இவனுக்கு வக்காலத்து வாங்குறான், பார்த்துக்கங்கப்பா" என்றார் காசிமாயன்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட காரியத்தை முத்திருளன் அப்போதுதான் செய்தான். "அய்யா, நாளைக்கு விடியக்காலையில ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஒரு நட்டுகூடத் திருக மாட்டேன். இதே வண்டி வியாழக்கிழமை ஓடுன மாதிரி ஓடும். ஓடலைன்னா நான் ஷெட்டுப் பக்கமே வரல."

காசிமாயன் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வண்டியை வழக்கம்போல விளாங்குடி ஷெட்டில் விட்டுப் பூட்டினார்கள். ஷெட்டுச் சாவி ஒன்று ராஜபாண்டியிடம், இன்னொன்று முத்திருளனிடம். முத்திருளன் சொன்ன சொல்லுக்கு அதன் பக்கமே போகாமல் வீட்டுக்குப் போனான். மனைவி முத்துமீனா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எதுக்கு இந்தச் சோதனை? தெரியாமப் போச்சுன்னு கால்ல விழுந்துட்டு வாங்க. திட்டிட்டு விட்டுருவாக" என்றாள். "செய்யாத தப்புக்கா?" என்று கேட்டான் அவன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பிளாட்டில் மூன்று பேர்தான். ராஜபாண்டி சிவப்பு வண்டியை ஓட்டி வந்தான். காசிமாயன் தன் ஜீப்பில் வந்தார். லேசான காற்று, இருபத்தாறு டிகிரி. முத்திருளன் குலசாமியை நினைத்துக்கொண்டான். ஓடு, இந்த ஒரு தடவை ஓடு என்று மனசுக்குள் அந்த இரும்பைக் கெஞ்சினான்.

ஓடியது. நாலே முக்கால்கூட இல்லை, அதற்கும் கொஞ்சம் குறைவு. முத்திருளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "பாருங்கய்யா, இது நேத்து காத்தோட சூடு, எழுவத்தி நாலு. இது இன்னைக்கு, முப்பத்தி மூணு. வண்டி அதேதான்."

காசிமாயன் திரையைப் பார்க்கவில்லை. "அப்ப வண்டியில ஒரு கோளாறும் இல்ல?"

"இல்லங்கய்யா. அதத்தான் சொன்னேன்."

"நேத்து ஓடல. ராத்திரி உன் ஷெட்டுல நின்னுச்சு. இன்னைக்கு ஓடுது."

முத்திருளனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த லேப்டாப் கனத்தது.

"அய்யா, நான் தொடவே இல்ல."

"நேத்து எதையோ கழட்டுன. ராத்திரி மாட்டிட்ட. ஓடாமக் கெடந்திருந்தாலாவது வேலை தெரியாத பயன்னு விட்டிருப்பேன். எம்புட்டுக்குடா வித்த என் மானத்த?"

"இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்க. நேத்து மாதிரியே ரெண்டு மணி நேரம் எஞ்சின ஓடவிட்டு ஓட்டுங்க. அப்பத் தெரியும்."

"அப்ப நாங்க சாமி கும்பிட்டதுலதான் கோளாறுங்கிற?"

நேற்று வராத வார்த்தை இன்று வந்தது. "சாமிமேல இல்லங்கய்யா. அணைக்காம விட்டதுல. நீங்க அணைக்க விடாததுல."

காசிமாயன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையை நீட்டி, "ஷெட்டுச் சாவி" என்றார்.

முத்திருளன் ராஜபாண்டியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். நேற்று ஏசியில் உட்கார்ந்து வண்டி சொணங்கியதைக் காலடியில் உணர்ந்தவன் அவன்தான், இன்று அது பாய்ந்ததை உணர்ந்தவனும் அவன்தான். பத்தியப் பாடம் முழுக்கக் கேட்டவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் உறவுக்காரர்கள் முன்னால் தோற்றது அப்பாவால் என்று ஆகும்.

"அப்பா கேக்குறாருல்ல. குடுடா" என்றான் ராஜபாண்டி.

நேற்று வரை அண்ணே. முத்திருளன் சாவியைக் கொடுத்தான். காசிமாயன் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஜீப்புக்குப் போனார். இனி மதுரையில் எந்தப் பட்டறையிலும் அவனைப் பற்றி என்ன சொல்லி வைப்பார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பெரிய வீட்டுச் சொல் அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஜீப் கிளம்பிய பிறகு சிவப்பு வண்டி மெதுவாக அவன் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று முத்திருளன் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கமும் பட்டான்.

ராஜபாண்டி ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மத்தியான வெயில்ல ஓட்டணும்னா, எம்புட்டு நேரம் அணைச்சு வைக்கணும்ண்ணே?"

"அரை மணி நேரம்" என்றான் முத்திருளன். "பானட்டத் திறந்து வைங்க. ஏசி போடாதீங்க."

ராஜபாண்டி தலையை ஆட்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். காற்று இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வண்டி நல்ல வேகத்தில் போயிற்று.